கண்டெய்னருக்கு வெளியே

ஜாஸ்மின் மறுபடியும் கோப்பைச் சேமித்தாள். திரையில் ஒன்றும் அசையவில்லை. காலையில் அவள் எழுதிய வரிகள் முன்னும் பின்னுமாக, எழுதியபடியே கிடந்தன. சர்வருக்கு அனுப்பிப் பார்த்தாள். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. கோப்பு ஒழுங்காக இல்லை, ஏற்க முடியாது. காலையிலிருந்து இதே பதில்தான்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பாள். ஃபார்மேட்டர் என்பது அவ்வளவு சின்ன விஷயம். கோப்பைச் சேமித்த கணமே அது உள்ளே புகுந்து, கோணலாகக் கிடக்கும் வரிகளை இழுத்து நேராக்கி, விட்டுப்போன இடைவெளிகளைச் சரிசெய்துவிட்டுப் போகும். நிரல் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பார்வைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் அந்த ஒழுங்கைக் கட்டாயமாக்கி, சர்வரின் வாசலில் ஒரு சோதனையை உட்கார வைத்திருந்தார். ஃபார்மேட்டர் தொட்டு அனுப்பாத கோப்பை அது உள்ளே விடாது. கையால் ஒவ்வொரு வரியாக நேர்செய்தும் பார்த்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடைவெளி எங்கோ மிச்சமிருந்தது. மறுபடியும் சிவப்பு.

மாடியில் இருந்த அந்த அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே கீழே தொழிற்சாலைத் தளம் தெரியும். ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்கிற இடம் அது. வெல்டிங் தடுப்புகளுக்குப் பின்னால் நீலமாகப் பொறி பறந்துகொண்டே இருக்கும். நடுவில் ஆள் இல்லாத வண்டிகள், சட்டங்களை அடுக்கிய டிராலிகளை இழுத்துக்கொண்டு, தரையில் ஒட்டிய பட்டையைப் பிடித்தபடி போய்வரும். நகரும்போதெல்லாம் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டு போவதால் தளத்தில் எல்லோரும் அதைப் பாட்டு வண்டி என்றுதான் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த மெட்டு தூக்கத்திலும் கேட்கும். பிறகு பக்கத்தில் வந்து வாசித்தாலும் காதில் விழாது.

முந்தைய நாள் சின்னப்பொண்ணுவின் காதிலும் விழவில்லை. கேன்டீனிலிருந்து வரும் நடைபாதை வண்டிப் பாதையை வெட்டும் இடத்துக்கு நாலு முனை என்று பெயர். அங்கே ஆள் நடமாட்டத்தைக் கண்டால் வண்டி மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். இத்தனை நாளும் நின்றுகொண்டுதான் இருந்தது. போன மாதம் ஒரு டிராலிக்குப் பதில் இரண்டு டிராலி கோக்க ஆரம்பித்தார்கள். எடை கூடியது. நேற்று வண்டி நின்றது, ஆனால் கோட்டைத் தாண்டி நின்றது. கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கும் சின்னப்பொண்ணு ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் வாளியுமாக அங்கேதான் இருந்தாள். கணுக்காலில் கீறல் விழுந்த எலும்புக்கு இப்போது மாவுக்கட்டு. பென்னலூரில் ஜாஸ்மின் வீடு இருக்கும் அதே தெருவில் தேவாலயத்துக்கு எதிர்வீடு அவளுக்கு. காலையில் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள்.

எடை கூடினால் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். அதுதான் ஜாஸ்மின் எழுதிய திருத்தம். நாலைந்து வரிகள். எழுதி முடித்துச் சோதனைகளை ஓட விட்டாள். எல்லாம் பச்சை. மேலாளர் ஜீவானந்தத்திடம் போய், "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சு சார்" என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. வேலையில் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகாதவள் அவள். அதன் பிறகுதான் இந்த ஃபார்மேட்டர்.

வண்டிகளை நிறுத்தவும் முடியாது. இங்கிருந்து போகும் சட்டங்கள் அங்கே கார் தொழிற்சாலையில் எந்த வரிசையில் கார் வருகிறதோ அந்த வரிசையில் போய்ச் சேர வேண்டும். இங்கே வண்டி நின்றால் அங்கே லைன் நிற்கும். அதனால் நேற்று மாலையே நாலு முனையில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். கையில் சிவப்புத் துணியோடு அய்யாத்துரை நின்றுகொண்டிருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வெல்டிங்கில் வேலை, இருங்காட்டுக்கோட்டையில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவன். காலையில் மேலே ஏறி வருகையில் அவனைக் கடந்துதான் வந்தாள். "சீக்கிரம் சரி பண்ணிருங்க மேடம். நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு" என்றான்.

ஜாஸ்மின் ஹேமந்துக்கு போன் செய்தாள். அவளோடு வேலை செய்கிறவன், அரக்கோணத்தில் தங்கையின் நிச்சயதார்த்தம் என்று விடுப்பில் போயிருந்தான். போன வாரம் அவர்கள் நிரல் எழுதும் கணினி அமைப்பை முழுக்கக் கலைத்து மறுபடியும் கட்டியவன் அவன்தான்.

"ஃபார்மேட்டர் எக்ஸ்டென்ஷன் கண்டெய்னருக்குள்ள இருக்கா பாரு ஜாஸ்மின்" என்றான். பின்னால் மேளச் சத்தம்.

"இருக்கு. டிக் காட்டுது."

"சேவ் பண்ணா ஃபார்மேட் பண்ணணும்னு செட்டிங்?"

"அதுவும் இருக்கு."

"அப்ப ரீபில்ட் பண்ணிடு."

"பண்ணிட்டேன்டா. பண்ணிட்டு மறுபடியும் பண்ணிட்டேன்."

"வினோதமா இருக்கே... இரு, போட்டோக்குக் கூப்பிடுறாங்க. வந்து பேசுறேன்." இணைப்பு அறுந்தது.

கண்டெய்னர் என்ற சொல்லே அவள் வீட்டில் ஒரு வேடிக்கை. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் விடிய விடியக் கண்டெய்னர் லாரிகள் போகும் ஊரில், மகளுக்குக் கண்டெய்னரில் வேலை என்றால் அம்மா என்ன நினைப்பாள்? துறைமுகத்துக்குப் போகிற பெட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறாள் என்றே தெருவில் சிலர் நம்பினார்கள். அப்படி ஒன்றும் தவறான கற்பனை இல்லை அது. கணினிக்குள் இன்னொரு மூடிய பெட்டி. வேலைக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் அதற்குள். ஃபார்மேட்டரும் அதற்குள், சோதனைகளும் அதற்குள். மடிக்கணினியில் வேறு எதையும் நிறுவக் கூடாது என்பது விதி. பெட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு ஜன்னல், மடிக்கணினியைப் பார்க்க ஒரு ஜன்னல். திரையில் இரண்டும் ஒரே கறுப்புப் பின்னணியில் ஒரே மாதிரி இருக்கும்.

கைப்பேசி அதிர்ந்தது. ஹேமந்த் என்று நினைத்து எடுத்தாள். சின்னப்பொண்ணு.

"கண்ணு, வேலையா கீறியா?"

"சொல்லுங்கக்கா. கால் எப்படி இருக்கு?"

"அது கெடக்குது. நாளு கணக்கா லீவு போட்டா கான்ட்ராக்ட்காரன் வேற ஆளப் போட்டுடுவான். கட்டோடவே வந்து ஒக்காந்துகினு எதுனா துடைக்கிற வேலை பாக்கறேன்னு சொல்லிக்கீறேன். அந்த வண்டி... இன்னா, சரி பண்ணிட்டாங்களா?"

"பண்ணியாச்சுக்கா. நான்தான் பண்ணேன். டெஸ்டெல்லாம் பாஸ். நீங்க பயப்படாம வாங்க."

"நீயா பண்ண? அப்போ சரி" என்று சொல்லிவிட்டு சின்னப்பொண்ணு போனை வைத்துவிட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு டில்லிபாபு வந்தார். தளத்தின் ஷிப்ட் சூப்பர்வைசர். படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் சொருகியிருந்தார்.

"இன்னா மேடம், வண்டியில ஏத்தியாச்சா?"

"இன்னும் இல்ல சார். ஒரு சின்ன பிரச்சனை."

"காலையிலயே முடிஞ்சிடுச்சுன்னு ஜீவா சார் சொன்னாரே?"

"முடிஞ்சிடுச்சு. சர்வர் ஏத்துக்க மாட்டேங்குது. ஸ்பேஸ் சரியில்லைன்னு..."

"இன்னாது?"

"எழுத்துக்கு நடுவுல விடுற இடைவெளி சார்."

டில்லிபாபு அவளையே பார்த்தார். திட்டுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "எழுத்துக்கு நடுவுல இடம் வுடுறதுக்கா மேடம் இவ்ளோ நேரம்? கீழ எனக்கு போன் மேல போன் வந்துகினே கீது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவமானமாக இருந்தது. ஜீவானந்தத்தின் மேசைக்குப் போனாள். "சார், இந்த ஒரு தடவை அந்தச் செக்கை ஆஃப் பண்ணச் சொல்லுங்க சார். புரோகிராம் சரியா இருக்கு. அழகு இல்லாததுக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க."

ஜீவானந்தம் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தடவிக்கொண்டார். நல்ல மனிதர். அதட்டத் தெரியாதவர். மேலே இருப்பவர்களிடம் எதையும் கேட்டு வாங்குவதற்கு முன் பத்து முறை யோசிப்பவர். "ஹெட் ஆபீஸ்ல அந்த ஆளு ஒத்துக்கணும்மா. நான் பேசிப் பார்க்கிறேன். நீ அதுக்குள்ள அதைச் சரி பண்ண முடியுதான்னு பாரு" என்று கைப்பேசியோடு வராந்தாவுக்குப் போனார்.

அவள் திரும்ப வந்து உட்கார்ந்தாள். முதல் ஷிப்ட் முடியும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் மாறும்போது உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் நாலு முனையில்தான் கடப்பார்கள். ஃபார்மேட்டரின் பதிவேட்டைத் திறந்தாள். அது எந்தக் கோப்பை எப்போது தொட்டது என்று எழுதி வைக்கும் இடம். இன்றைக்கு ஒரு வரிகூட இல்லை. தோற்றுப்போனதாகவும் இல்லை. யாரும் அதைக் கூப்பிடவே இல்லை என்பது போல வெறுமையாக இருந்தது.

ஒருவேளை கோப்பில் பிழை இருந்தால் ஃபார்மேட்டர் வாயைத் திறக்காதோ? அப்படிச் சில பதிப்புகள் உண்டு என்று படித்திருந்தாள். சோதித்துப் பார்க்க, வேண்டுமென்றே ஒரு பிழை செய்தாள். ஓர் அடைப்புக்குறியை அழித்தாள். அதன் கீழே தன் பெயரை ஆங்கில எழுத்துகளில், எந்த இலக்கணத்துக்கும் ஒட்டாமல் அடித்தாள். சேமித்தாள். ஃபார்மேட்டர் புகார் சொல்லும் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கறுப்பு ஜன்னலுக்குத் தாவி, பழக்க தோஷத்தில் சோதனைகளை ஓட விட்டாள். விரல் தானாகச் செய்த வேலை அது.

எல்லாம் பச்சை.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கோப்பு ஓடவே முடியாது. அடைப்புக்குறி இல்லை, நடுவில் யாரோ ஒருத்தியின் பெயர் கிடக்கிறது. அதைப் படித்த கணமே எல்லாச் சோதனையும் விழுந்திருக்க வேண்டும். மறுபடியும் ஓட விட்டாள். பச்சை. மேலிருந்து கீழ்வரை, காலையில் பார்த்த அதே பச்சை.

கோப்பின் முழு முகவரியைப் பார்த்தாள். மடிக்கணினியில் இருக்கும் பழைய அடைவு, அதாவது ஃபோல்டர். சோதனைகள் ஓடிய கறுப்பு ஜன்னலில் முகவரியைக் கேட்டாள். வேறு இடம். கண்டெய்னருக்குள்ளே அதே பெயரில் இன்னொரு அடைவு, அதற்குள் அதே பெயரில் இன்னொரு கோப்பு. அதைத் திறந்தாள். அவள் எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை.

ஹேமந்தின் பழைய செய்திகளைத் தேடினாள். போன வாரம் அனுப்பியிருந்தான், யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில். இனிமேல் கோப்புகளும் கண்டெய்னருக்குள்ளேயே இருக்கும், பழைய ஃபோல்டரைத் திறக்காதீர்கள். அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களில் அவளும் ஒருத்தி. காலையில் வந்து உட்கார்ந்ததும், கடைசியாகத் திறந்தவை என்று கணினி காட்டிய பட்டியலில் கோப்பின் பெயரைப் பார்த்து அழுத்தியிருக்கிறாள். அது பழையது. ஃபார்மேட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, கோப்பு வெளியே இருக்கிறது. அது எப்படித் தொடும்? சோதனைகளும் பெட்டிக்குள். அவை ஓடியது நேற்று சின்னப்பொண்ணுவின் காலில் மோதிய வண்டியில் இருந்த அதே நிரலில். ஒற்றை டிராலி காலத்துச் சோதனைகள் அவை. எப்போதும் போலத் தேறின. இரட்டை டிராலிக்கென்று அவள் புதிதாக எழுதிய சோதனை வெளியே இந்தப் பழைய அடைவில்தான் இருக்கிறது. அது ஒரு தடவைகூட ஓடவில்லை.

ஜீவானந்தம் உள்ளே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "ஒத்துக்கிட்டாங்க ஜாஸ்மின்! செக்கை ஆஃப் பண்ணியாச்சு. இப்பவே அனுப்பிடு. ஷிப்ட் மாறுறதுக்குள்ள வண்டியில ஏத்திடலாம்."

"சார், அனுப்பக் கூடாது சார்."

"என்ன சொல்ற?"

"காலையில நான் சொன்னது தப்பு. டெஸ்ட் பழைய புரோகிராம்ல ஓடியிருக்கு. நான் எழுதினதை அது பார்க்கவே இல்ல."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீதானேம்மா சொன்ன? நீ சொன்னதை வெச்சு நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"ஆமா சார்."

"மாத்தினது நாலு வரி. படிச்சுப் பார்த்தா சரியா தப்பான்னு தெரியாதா?"

"படிச்சுப் பார்த்தா சரியாத்தான் சார் தெரியுது."

"அப்ப அனுப்பேன். டெஸ்டை அப்புறம் ஓட்டிக்கலாம். இருக்கிறதைவிட மோசமாவா போயிடப் போகுது?"

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அழித்த அடைப்புக்குறியைத் திரும்பப் போட்டு, பெயரை எடுத்துவிட்டு ஒரு விசையை அழுத்தினால் போதும். வாசலில் காவல் இல்லை. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. கை விசைப்பலகையின் மேல் இருந்தது. எதையோ பார்த்துத் தைரியம் வரவழைத்துக்கொள்ளக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கீழே நாலு முனை தெரிந்தது. மஞ்சள் கோடு தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.

"சார், அய்யாத்துரை எங்க?"

"யாரு?"

"சிவப்புத் துணி வெச்சுக்கிட்டு நின்னவன்."

ஜீவானந்தம் கண்ணாடிக்கு அருகில் வந்து எட்டிப் பார்த்தார். "வெல்டிங்ல ஆள் இல்லைன்னு டில்லிபாபு கேட்டாரு. நான்தான்... டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சே, இதோ ஏத்திடப் போறோம், எடுத்துக்கோங்கன்னு சொன்னேன்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

கேன்டீன் கதவு திறந்து, இரண்டாம் ஷிப்டின் முதல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஜாஸ்மின் ஓடினாள். படிகளில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினாள். தளத்தில் ஓடக் கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழாக ஓடினாள். இரும்பும் எண்ணெயும் கலந்த சூடு முகத்தில் அடித்தது. டில்லிபாபு கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மேசையின் மேல் எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்துகிற சிவப்புப் பொத்தான், பிளாஸ்டிக் மூடிக்குள் இருந்தது.

"சார், வண்டியை நிறுத்துங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையைக் காட்டினார், இரு என்று.

"சார், நான் இன்னும் எதையும் ஏத்தல. பழைய புரோகிராம்தான் ஓடுது. அங்க ஆள் வேற இல்ல!"

"பாஸுன்னீங்களே மேடம்?"

"பாஸ் ஆகல. நான் தப்பாப் பார்த்துட்டேன்."

டில்லிபாபு போனை இறக்கினார். "இத பாருங்க, இத அமுக்குனா அங்க கஸ்டமர் லைன் நின்னுடும். அதுக்கு மேல கீறவங்க சொல்லணும். நான் அமுக்க முடியாது, நீங்களும் அமுக்கக் கூடாது. ஆள அனுப்பறேன், இருங்க. டேய், அய்யாத்துர!"

வெல்டிங் தடுப்புக்குப் பின்னாலிருந்து முகக்கவசத்தைத் தூக்கியபடி அய்யாத்துரை தலையை நீட்டினான். அவன் அங்கிருந்து நாலு முனைக்கு வர தளத்தின் பாதியைச் சுற்ற வேண்டும். பாட்டு கேட்டது. இரண்டு டிராலி நிறையச் சட்டங்களோடு ஒரு வண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கேன்டீனிலிருந்து வந்தவர்கள் பேசிக்கொண்டும் தொப்பியை மாட்டிக்கொண்டும் வந்தார்கள். யாரும் வண்டியைப் பார்க்கவில்லை.

ஜாஸ்மின் மூடியைத் தூக்கி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

பாட்டு நின்றது. அந்தத் தளத்தில் எத்தனை வண்டிகள் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லா மூலையிலும் ஒரே நொடியில் சத்தம் அடங்க, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். சட்டங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுங்கி ஓய்ந்தன. நாலு முனைக்கு வந்தவர்கள் நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு, பேச்சை விடாமல் கடந்து போனார்கள்.

"அறிவு கீதா உங்களுக்கு?" டில்லிபாபு கத்தினார். "யாரக் கேட்டு அமுக்குனீங்க? இப்போ யாரு பதில் சொல்றது? நானா? நீங்க மேல ஏறிப் போயிடுவீங்க. என்னைத்தான் நிக்க வெச்சிக் கேப்பாங்க!"

ஜாஸ்மின் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். ஓடி வந்த அய்யாத்துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னைய எதுக்கு சார் போவச் சொன்னிய? நான்பாட்டுக்கு நின்னுருப்பேம்லா" என்றான். டில்லிபாபுவின் போன் ஒலித்தது. நின்று, மறுபடியும் ஒலித்தது. அவர் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜீவானந்தம் வந்து சேர்ந்தார். வேர்த்திருந்தது. பொத்தானையும் ஜாஸ்மினையும் பார்த்தார். பிறகு டில்லிபாபுவிடம் கையை நீட்டினார். "கொடுங்க. நான் பேசுறேன்." போனை வாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பாமலே, "நீ மேல போ. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ முடி" என்றார்.

மேலே போய்ப் பழைய ஜன்னலை மூடினாள். கண்டெய்னருக்குள் இருந்த கோப்பைத் திறந்து, திருத்தத்தையும் புதிய சோதனையையும் அதில் எழுதினாள். சேமித்தாள். கண் இமைப்பதற்குள் வரிகள் எல்லாம் நகர்ந்து நேராகி நின்றன. காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்த விஷயம். கோபமோ மகிழ்ச்சியோ வரவில்லை. சோதனைகளை ஓட விட்டுவிட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பச்சை, பச்சை, பச்சை. கடைசி ஒன்று சிவப்பு.

சோதனைக் கணக்கில் எடையுள்ள வண்டி கோட்டைத் தாண்டி நின்றது. ஒரு செருப்பின் நீளம் அளவுக்குத்தான். தூரத்தை அவள் வண்டியின் மூக்கிலிருந்து கணக்கிட்டிருந்தாள். தரையில் உள்ள குறியைப் படிக்கிற சென்சர் கண்ணோ வண்டியின் அடியில், நடுவில் இருக்கிறது. அந்த இடம் குறியைத் தொடும்போது மூக்கு எப்போதோ முன்னால் போயிருக்கும். படித்தால் சரியாகத் தெரிந்த நாலு வரிகள். அவள் அந்தச் சிவப்பு வரியை வெகுநேரம் பார்த்தாள். 'நீயா பண்ண? அப்போ சரி.' கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கீழே கையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டிராலிகளை வண்டியிலிருந்து கழற்றி, ஒன்றுக்கு நான்கு பேராகத் தள்ளினார்கள். வீட்டுக்குப் போக வேண்டிய முதல் ஷிப்ட் ஆட்களையும் டில்லிபாபு பிடித்து வைத்திருந்தார். அவரும் சட்டைக்கையை மடித்துவிட்டு ஒரு டிராலியின் பின்னால் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வராது. வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. சிலர் அவ்வப்போது நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்கள்.

கணக்கைத் திருத்தினாள். சோதனை பச்சையானது. அவள் நம்பவில்லை. திருத்திய எண்ணைக் கெடுத்து ஓட்டினாள், சிவப்பு. சரியாக்கி ஓட்டினாள், பச்சை. அடைப்புக்குறியை அழித்து ஓட்டினாள், எல்லாமே விழுந்தன. அது விழுவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு சீரானது. எல்லாவற்றையும் திரும்பச் சரியாக்கி, வாசலில் கழற்றிய ஃபார்மேட்டர் சோதனையைத் திரும்பப் போடச் சொல்லி ஹெட் ஆபீஸுக்கு எழுதிவிட்டு, சர்வருக்கு அனுப்பினாள். ஏற்றுக்கொண்டது.

வண்டிகளில் ஏற்றுவதற்கு ஜீவானந்தம் கூடவே வந்தார். படியிறங்கும்போது, "நாளைக்குக் காலையில ஹெட் ஆபீஸ்ல நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

"என்ன சார் சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு. நீ சொன்னதை நானும் பார்க்காம நம்பினேன், அதையும் சொல்லணும்."

முதலில் ஒரு வண்டியை வெறுமனே ஓட்டினார்கள். பிறகு இரண்டு டிராலி கோத்து, கோட்டுக்கு அப்பால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்து ஓட்டினார்கள். பெட்டிகள் அசையவில்லை. மறுபடியும் மறுபடியும் ஓட்டினார்கள். டில்லிபாபு ஒவ்வொரு முறையும் குனிந்து வண்டிக்கும் கோட்டுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "வுடுங்க" என்றார் பொதுவாக.

தளமெங்கும் மறுபடியும் அந்த மெட்டு கேட்கத் தொடங்கியது. இரண்டாம் ஷிப்டின் டீ இடைவேளைக்கு மணி அடித்தது. நாலு முனையின் இரு பக்கமும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வழக்கமாக நடையைக் குறைக்காமல் கடந்து போகிறவர்கள், இன்று ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். ஜாஸ்மின் அவர்களோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அய்யாத்துரை, டிராலி தள்ளியதில் உள்ளங்கை சிவந்திருக்க, அதை ஊதிக்கொண்டு நின்றான்.

வண்டி வந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்து, டிராலிகள் கிலுங்காமல், மஞ்சள் கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே நின்றது. பாட்டு ஓய்ந்தது. தலையில் இருந்த விளக்கு அவர்கள் கடப்பதற்காக மெதுவாக மினுக்கியது.

யாரும் அசையவில்லை.

"அதான் நின்னுச்சுல்ல. போங்கப்பா, டீ ஆறிடும்" என்றார் டில்லிபாபு. அவரும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தார்.

ஜாஸ்மின் தன் காலைப் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணாக அவளுக்குத் தெரியும், ஆள் கடக்கும்போது வண்டி நகராது. கால் எழவில்லை. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கோட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த தன் பூட்ஸ் முனையை அய்யாத்துரை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டான். பாதையில் யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்ட வண்டி, மறுபடியும் மெட்டைத் தொடங்கி, இரண்டு பக்கமும் விலகி நின்ற மனிதர்களுக்கு நடுவே நிதானமாக ஊர்ந்து போனது.